ஈராசிரியர் பள்ளியா, வேன் வரும் பள்ளியா? ஒன்றாம் வகுப்புக்கு முன் பார்க்க வேண்டியவை

ஊரில் உள்ள ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியைப் பற்றி நான்கு பெற்றோரிடம் விசாரித்தால் நான்கு விதமாகச் சொல்வார்கள். "எம் பொண்ணு ரெண்டாவதுதான், பேப்பர எழுத்துக்கூட்டி வாசிக்குது. டீச்சர் தங்கமானவங்க" என்பார் ஒருவர். "எம் பையன் அஞ்சாவது, கழித்தல் கணக்கு தெரியல. கையில காசிருந்தா எப்பவோ மாத்தியிருப்பேன்" என்பார் அதே தெருக்காரர். மூன்றாமவர் சத்துணவைப் பற்றி மட்டும் பேசுவார். நான்காமவர் பள்ளிக்குள் கால் வைத்ததே இல்லை. சுற்றுச்சுவரின் நிறத்தை வைத்தே தீர்ப்பு சொல்லிவிடுவார்.

நான்காமவரை விட்டுவிடலாம். முதல் இருவர் சொல்வதும் பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். தொடக்கப்பள்ளி சிறிய இடம். ஐந்து வகுப்புக்கு இரண்டே ஆசிரியர் என்றால், 1 முதல் 3 வரை ஒருவர், 4, 5 வகுப்புகளுக்கு இன்னொருவர் என்று பிரித்துக்கொள்வார்கள். அப்போது "ஸ்கூல் நல்லாருக்கு" என்பதற்கும் "ஸ்கூல் சரியில்ல" என்பதற்கும் பொருள் ஒன்றுதான்: அவரவர் பிள்ளைக்கு வாய்த்த ஒரே ஓர் ஆசிரியர். அதனால் யார் கருத்துச் சொன்னாலும் மூன்று கேள்விகளைத் திருப்பிக் கேளுங்கள். உங்கள் பிள்ளை எந்த வகுப்பு? நீங்கள் சொல்வது எந்த ஆண்டு? அந்த ஆசிரியர் இன்னும் இங்கேதான் இருக்கிறாரா? பொது மாறுதல் கலந்தாய்வில் ஒரு நல்ல டீச்சர் வேறு ஒன்றியத்துக்குப் போன பிறகும் பள்ளியின் பெயர் இரண்டு மூன்று ஆண்டுகள் மணக்கும். கெட்ட பெயர் அதைவிட நீண்ட நாள் நிற்கும்.

முதலில் தலை எண்ணுங்கள்

கட்டடம், பெயிண்ட், ஸ்மார்ட் போர்டு எல்லாம் பிறகு. முதலில் கேட்க வேண்டியது இரண்டு எண்கள்: மாணவர் எத்தனை பேர், ஆசிரியர் எத்தனை பேர். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தொடக்கப்பள்ளிக்கு வைத்திருக்கும் அளவு இது: 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர், 61 முதல் 90 வரை 3, 91 முதல் 120 வரை 4, 121 முதல் 200 வரை 5. பிள்ளைகள் 150ஐத் தாண்டினால் தலைமையாசிரியர் தனி. 30 பிள்ளைக்கு ஓர் ஆசிரியர் என்று கேட்கும்போது நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 40 பிள்ளைகள் ஐந்து வகுப்பிலும் எட்டெட்டுப் பேராகப் பரவியிருக்கும் பள்ளியில், அந்த இரண்டு ஆசிரியரும் ஆளுக்கு இரண்டு மூன்று வகுப்பைத் தூக்கிக்கொண்டு நடக்கிறார்கள்.

அடுத்து, பணியிடம் இருப்பதும் ஆள் இருப்பதும் ஒன்றல்ல. ஆகஸ்ட் 1 அன்று பதிவேட்டில் உள்ள எண்ணிக்கையை வைத்துத்தான் பணியிடம் கணக்கிடப்படுகிறது. கூடுதலாக இருப்பவர் பணி நிரவலில் வேறு பள்ளிக்குப் போவார். காலியிடம் அடுத்த கலந்தாய்வு வரை காலியாகவே இருக்கலாம். மாற்றுப்பணியில் வேறு பள்ளிக்குப் போனவரின் பெயரும் இங்கேயே இருக்கும். எனவே தலைமையாசிரியரிடம் கேட்க வேண்டிய கேள்வி "எத்தனை டீச்சர்?" என்பதல்ல. "இன்றைக்கு வகுப்பில் நிற்பவர்கள் எத்தனை பேர்? யாராவது மாற்றுப்பணியில் இருக்கிறார்களா? ஓய்வு பெறப் போகிறவர் உண்டா?" என்று கேளுங்கள். நாகரிகமாகக் கேட்டால் பெரும்பாலும் மறைக்காமல் சொல்வார்கள். அவர்களுக்கும் இது ஆற்றாமைதான்.

ஈராசிரியர் பள்ளியில் அந்த இருவரில் ஒருவர் தலைமையாசிரியர். வருகைப் பதிவு, எமிஸ் என்ற கல்வித் துறைத் தளத்தில் ஏற்ற வேண்டிய விவரங்கள், விலையில்லாப் பொருள் கணக்கு, கூட்டங்கள் எல்லாம் அவர் தலையில். இன்னொருவர் வட்டார வள மையத்தில் பயிற்சிக்குப் போகும் நாளில் பள்ளி முழுவதும் ஒருவர் கையில் வந்துவிடும். "டீச்சர் போனே பார்த்துட்டு இருக்காங்க" என்ற குறை எல்லா ஊரிலும் உண்டு. அதில் ஒரு பகுதி சோம்பல், ஒரு பகுதி செயலியில் வருகையும் மதிப்பீடும் ஏற்றும் வேலை. எது எவ்வளவு என்று வாசலில் நின்று பார்ப்பவருக்குத் தெரியாது. பிள்ளையின் நோட்டுதான் சொல்லும்.

எல்லா வகுப்பும் ஒரே அறையில் உட்கார்ந்திருப்பதை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம். 2022-23இல் 1 முதல் 3 வரையும், அடுத்த ஆண்டில் 4, 5க்கும் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகளாகப் பிரித்துக் கற்பிக்கிறார்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு எழுத்தே தெரியவில்லை என்றால் அது அரும்பில் இருக்கும்; இரண்டாம் வகுப்பில் சரளமாக வாசிக்கும் பிள்ளை மலரில் இருக்கலாம். சிறிய வகுப்புகளுக்கு இந்தக் கலவை நன்றாகவே பொருந்துகிறது. சிக்கல் தொடங்குவது 4, 5இல். தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் என ஐந்து பாடம், இரண்டு வகுப்பு, ஓர் ஆசிரியர். பத்துப் புத்தகத்தையும் ஒருவரே நடத்த வேண்டும். இரண்டாம் வகுப்புப் பெண்ணின் அம்மா மெச்சுவதும், ஐந்தாம் வகுப்புப் பையனின் அப்பா நொந்துகொள்வதும் ஒரே பள்ளியில் நடப்பதற்கு இதுவே போதும்.

பள்ளிக்குப் போகாமலே கொஞ்சம் தெரிந்துகொள்ளலாம். யுடைஸ் என்பது நாடு முழுக்க உள்ள பள்ளிகளின் விவரத் தளம். ஒவ்வொரு பள்ளிக்கும் அதில் 11 இலக்க எண் உண்டு. அந்தத் தளத்தில் பள்ளியைத் தேடினால் வகுப்புவாரி மாணவர் எண்ணிக்கை, ஆசிரியர் எண்ணிக்கை, கழிப்பறை, வகுப்பறை விவரம் கிடைக்கும். தனியார் பள்ளிக்கும் கிடைக்கும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. தகவல் ஓராண்டு பழையதாக இருக்கலாம். அதனால் இரண்டு மூன்று ஆண்டுகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றாம் வகுப்பில் 14, 9, 5 என்று ஆண்டுக்கு ஆண்டு இறங்கிக்கொண்டே வந்தால் ஊர் எதையோ பார்த்து விலகுகிறது. அது பள்ளியின் தரமாகவும் இருக்கலாம், புதிதாக ஓடும் வேனாகவும் இருக்கலாம்.

பத்து நிமிடச் சோதனை

கருத்துகளுக்கு நடுவே தீர்ப்புச் சொல்ல நம்பகமான வழி ஒன்று உண்டு: அந்தப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு முடித்த இரண்டு பிள்ளைகளை, நீங்கள் யோசிக்கும் தனியார் பள்ளியில் மூன்றாம் வகுப்பு முடித்த இரண்டு பிள்ளைகளை, உட்காரவைத்து வாசிக்கச் சொல்வது. தெருவில், உறவில் கிடைப்பார்கள். அவர்களில் ஒருவர் கெட்டிக்காரர் என்று பெயரெடுத்த பிள்ளையாக இருந்தால் சோதனை வீண். நடுத்தரமான பிள்ளையைத் தேடுங்கள்.

நாடு முழுக்கக் கிராமப் பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் சோதிக்கும் அசர் ஆய்வின் ஏணி எளிமையானது, வீட்டிலேயே செய்யலாம். முதலில் தனி எழுத்து. பிறகு ஈரெழுத்து, மூவெழுத்துச் சொற்கள். பிறகு ஒன்றாம் வகுப்பு அளவில் நான்கு வரி. கடைசியில் இரண்டாம் வகுப்பு அளவில் ஒரு சிறு கதை. பாடப்புத்தகத்திலிருந்து கொடுக்காதீர்கள், பிள்ளைகள் பக்கத்தின் படத்தைப் பார்த்தே ஒப்பித்துவிடுவார்கள். ரேஷன் கடைப் பலகை, பஸ் வழித்தடப் பலகை, பிஸ்கட் உறை, வேறு பதிப்பகத்தின் கதைப்புத்தகம் இவை போதும். தமிழில் தடுக்கும் இடம் பெரும்பாலும் கெ, கே, கை, கொ, கோ, கௌ என்று கொம்பு முன்னால் வரும் எழுத்துகளும், ன, ண, ந வேறுபாடும். "கொய்யா" என்பதை "கெய்யா" என்று படிக்கும் பிள்ளைக்கு எழுத்து தெரியும், சேர்ப்பு பழகவில்லை. ஒரு மாதப் பயிற்சியில் சரியாகிவிடும். எழுத்தையே ஊகித்துச் சொல்லும் மூன்றாம் வகுப்புப் பிள்ளை என்றால் ஈராண்டாக யாரும் அருகில் உட்கார்ந்து கேட்டதில்லை என்று பொருள்.

கணக்குக்கு ஒரே ஒரு கழித்தல் போதும்: 52இலிருந்து 27. விடை 25. பிள்ளை 35 என்று எழுதினால், ஒன்றின் இடத்தில் 2இலிருந்து 7 போகாது என்பதால் தலைகீழாக 7இலிருந்து 2ஐக் கழித்திருக்கிறது. கடன் வாங்கிக் கழித்தல் மனப்பாடமாகவே நின்றுவிட்டது. பத்து, ஒன்று என்று குச்சிக் கட்டை அவிழ்த்துக் காட்டியவர் இல்லை. இந்த 35 அரசுப் பள்ளியிலும் வரும், ஆண்டுக்கு அரை லட்சம் வாங்கும் பள்ளியிலும் வரும்.

சோதித்துப் பார்த்தவர்கள் பலருக்கும் ஒரு வியப்பு காத்திருக்கும். இரண்டு பள்ளிகளுக்கும் உள்ள இடைவெளி, ஒரே பள்ளியின் இரண்டு பிள்ளைகளுக்கு இடையே உள்ள இடைவெளியைவிடச் சிறியதாக இருக்கலாம். அப்படி இருந்தால் அங்கே உழைப்பது பள்ளியல்ல, வீடோ டியூஷனோ. தனியார் பள்ளிப் பிள்ளை நன்றாக வாசித்தால், டியூஷன் போகிறதா என்று கேட்காமல் எழுந்து வராதீர்கள்.

நோட்டையும் பாருங்கள். அரசுப் பள்ளியில் எண்ணும் எழுத்தும் பயிற்சிநூல் எந்தப் பக்கம் வரை நிரம்பியிருக்கிறது, பிள்ளை தவறாக எழுதிய இடத்தில் சிவப்பு மை அடித்துத் திருத்தியிருக்கிறதா, திருத்தியதைப் பிள்ளை மறுபடி எழுதியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எல்லாப் பக்கத்திலும் வெறும் சரிக்குறி விழுந்திருந்தால் யாரும் படித்துப் பார்க்கவில்லை. தனியார் பள்ளி நோட்டில் வேறு சிக்கல்: கையெழுத்து முத்தாக இருக்கும், தவறே இருக்காது. கரும்பலகையைப் பார்த்து அப்படியே எழுதிய நோட்டு அது. எல்கேஜி பிள்ளைக்குக்கூடப் பக்கம் பக்கமாக இருக்கும். பெற்றோருக்கு மனம் குளிரும். பிள்ளைக்குச் சொந்தமாக ஒரு வரி எழுத வராது.

ஆங்கிலம் என்ற பெரிய சண்டை

கணவன் மனைவிக்குள் வாக்குவாதம் நடப்பது பெரும்பாலும் இங்கேதான். 2012-13 முதல் அரசுத் தொடக்கப்பள்ளிகளிலும் ஆங்கில வழிப் பிரிவு தொடங்கப்பட்டது. ஈராசிரியர் பள்ளியில் இதன் நடைமுறை என்ன? தமிழ் வழிப் பிள்ளையும் ஆங்கில வழிப் பிள்ளையும் ஒரே பாயில் உட்கார்ந்து, ஒரே ஆசிரியரிடம், இரு வேறு மொழிப் புத்தகங்களை வைத்துப் படிப்பது. தனி ஆசிரியர் இல்லாத இடத்தில் "இங்கிலீஷ் மீடியம்" என்பது புத்தகத்தின் அட்டையில் மட்டும் இருக்கும். சேர்க்கைப் படிவத்தில் டிக் போடும் முன் இதைக் கேளுங்கள்.

அந்த டிக்குக்கு நீண்ட விளைவு ஒன்று உண்டு. பலருக்குத் தெரியாமல், பிள்ளை வேலைக்கு விண்ணப்பிக்கும்போதுதான் தெரியவரும். தமிழ்நாடு அரசுப் பணிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20% முன்னுரிமை 2010ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்ளது. 2020இல் அது திருத்தப்பட்டது. அந்தப் பணிக்குரிய கல்வித் தகுதி வரை, ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும். பத்தாம் வகுப்புத் தகுதி கேட்கும் பணி என்றால் 1 முதல் 10 வரை. மூன்றாம் வகுப்பு வரை ஆங்கில வழியில் படித்துவிட்டு நான்காவதில் தமிழுக்கு வந்த பிள்ளைக்கு இந்தச் சான்று கிடைக்காது. அரசுப் பள்ளியின் ஆங்கில வழியும் ஆங்கில வழிதான்.

இதற்கு நேர்மாறாக, அரசுப் பள்ளி மாணவருக்கான மருத்துவப் படிப்பு 7.5% ஒதுக்கீடு, புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் 1,000 ரூபாய் ஆகியவற்றுக்குக் கணக்கில் வருவது 6 முதல் 12 வரைதான். "ஒண்ணாவதுலேயே கவர்ன்மென்ட்ல சேர்த்தாத்தான் டாக்டர் சீட்டு" என்று சொல்வது தவறு. தொடக்க வகுப்புகளைத் தனியாரில் முடித்து ஆறாவதில் அரசுப் பள்ளிக்கு வந்தாலும் தகுதி உண்டு.

தனியார் பள்ளியின் ஆங்கிலத்தை எப்படி எடைபோடுவது? ஒரு எளிய தந்திரம்: பிள்ளை ஆங்கிலப் பாடத்தைக் கடகடவென்று வாசித்து முடித்ததும், அதே வரியைக் கடைசிச் சொல்லிலிருந்து பின்னோக்கி ஒவ்வொன்றாக விரல் வைத்துக் கேளுங்கள். வாசிக்கத் தெரிந்த பிள்ளை சொல்லிவிடும். ஒப்பித்த பிள்ளை வரியின் தொடக்கத்துக்குப் போய் மறுபடி பாடிக்கொண்டு வரும். பிறகு "உன் பையில என்ன இருக்கு?" என்று ஆங்கிலத்திலேயே கேளுங்கள். "மே ஐ கோ டு டாய்லெட் மிஸ்" என்பதைத் தாண்டி ஒரு வாக்கியம் வந்தால் அந்தப் பள்ளிக்குக் கொடுக்கும் பணத்துக்குப் பொருள் உண்டு. வராவிட்டால் அரசுப் பள்ளியில் சேர்த்துவிட்டு அந்தப் பணத்தில் பாதிக்குப் படக்கதைப் புத்தகங்கள் வாங்கலாம். இது எங்கள் கட்சி என்றே வைத்துக்கொள்ளுங்கள்: வீட்டில் ஆங்கிலம் பேசுபவர் யாரும் இல்லாத பிள்ளைக்கு, முதல் மூன்றாண்டு தமிழில் வாசிப்பு ஊன்றட்டும். ஒரு மொழியில் வாசிக்கத் தெரிந்துவிட்டால் இரண்டாவது மொழி ஏறும். இரண்டிலும் எழுத்துக்கூட்டித் தடுமாறும் பிள்ளை ஐந்தாவதில் அறிவியல் பாடத்தையும் சேர்த்து இழக்கிறது.

தனியாரின் உண்மையான விலை

சேர்க்கை நேரத்தில் சொல்லும் கட்டணத்தை வைத்து ஒப்பிட்டால் கணக்கு தப்பும். தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஓய்வுபெற்ற உயர்நீதிமன்ற நீதிபதி தலைமையிலான குழு ஒவ்வொரு தனியார் பள்ளிக்கும் வகுப்புவாரியாகக் கட்டணத்தை நிர்ணயிக்கிறது. அந்த உத்தரவைக் காட்டச் சொல்லுங்கள். அதற்கு மேல் வருபவைதான் பையைக் கரைக்கும்: வேன், புத்தகத் தொகுப்பு, சீருடை, ஷூ, ஆண்டு விழா, "ஆக்டிவிட்டி", டியூஷன். எடுத்துக்காட்டுக்கு, கட்டணம் 16,000, வேன் மாதம் 800 வீதம் பத்து மாதம் 8,000, புத்தகமும் உடையும் 5,000, டியூஷன் மாதம் 500 என்றால் 5,000. கூட்டினால் 34,000, சொன்ன கட்டணத்தைப் போல் இரு மடங்குக்கும் மேல். ஐந்தாண்டுக்கு 1,70,000. ஆண்டுதோறும் ஏறும் தொகை இதில் சேரவில்லை. இளையதும் ஒன்று இருந்தால் அதற்கும் இதே கணக்கு.

பணத்தைவிடப் பெரிய கேள்வி, நடுவில் கட்ட முடியாமல் போனால் என்ன ஆகும் என்பது. விளைச்சல் பொய்த்த ஆண்டில், வேலை போன ஆண்டில், நிலுவை வைத்தால் மாற்றுச் சான்றிதழ் தர இழுத்தடிக்கும் பள்ளிகள் உண்டு. டிசி இல்லை என்பதைக் காட்டி அரசுப் பள்ளியில் சேர்க்க மறுக்கக் கூடாது. கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு அதைத் தெளிவாகச் சொல்கிறது. ஆனால் எமிஸ் தளத்தில் பிள்ளையின் பெயரைப் பழைய பள்ளி பொதுத் தொகுப்புக்கு விடுவிக்காத வரை புதிய பள்ளியால் தன் பட்டியலில் ஏற்ற முடியாமல் நிற்கும். அப்படி நின்றால் வட்டாரக் கல்வி அலுவலரிடம் எழுத்தில் கொடுங்கள். 14417 என்ற கல்வி உதவி எண்ணிலும் பதியலாம்.

ஆசிரியர் விஷயத்தில் நிலைமை தலைகீழ். அரசுப் பள்ளியில் தகுதி உள்ளவர் இருப்பார், எண்ணிக்கை போதாது. சிறிய நர்சரி பிரைமரி பள்ளியில் வகுப்புக்கு ஒரு மிஸ் உண்டு. சம்பளம் குறைவு என்பதால் ஆண்டுக்கு ஒருவர் மாறுவார். "போன வருஷம் எல்கேஜி எடுத்த மிஸ் இந்த வருஷமும் இருக்காங்களா?" என்று வேன் வருமிடத்தில் நிற்கும் பெற்றோரிடம் கேளுங்கள். மூன்று பேர் சொல்வதில் பள்ளியின் தரம் பாதி தெரிந்துவிடும். தனியார் பள்ளிக்கு நியாயமாகச் சொல்ல வேண்டியதும் உண்டு: ஆசிரியர் வராத நாளில் மாற்றாள் வருவார், பெற்றோர் புகார் சொன்னால் அன்றே பதில் கிடைக்கும், வேலைக்குப் போகும் அம்மாவுக்கு மாலை வரை பிள்ளை பத்திரம். ஈராசிரியர் பள்ளியால் இந்த மூன்றையும் தர இயலாது.

25% இடம்: வயது தப்பினால் வாய்ப்பும் தப்பும்

கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் சிறுபான்மையல்லாத தனியார் பள்ளிகள் நுழைவு வகுப்பில் 25% இடத்தைக் கட்டணமின்றித் தர வேண்டும். நலிவடைந்த பிரிவு என்றால் ஆண்டு வருமானம் 2 லட்சத்துக்குள். வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவு என்றால் சாதிச் சான்று போன்றவை. வீடு ஒரு கிலோமீட்டருக்குள் இருப்பவருக்கு முன்னுரிமை. விண்ணப்பம் இடத்தைவிட அதிகமானால் குலுக்கல். வழக்கமாக ஏப்ரல், மே மாதங்களில் இணையத்தில் விண்ணப்பம். 2025-26இல் மட்டும் ஒன்றிய அரசின் நிதி வராததால் அக்டோபர் வரை இழுத்தது. அதற்குள் பலர் பணம் கட்டிச் சேர்த்திருந்தார்கள்.

இங்கே பலர் கோட்டைவிடுவது வயதில். எல்கேஜி உள்ள பள்ளியில் நுழைவு வகுப்பு எல்கேஜிதான். ஜூலை 31இல் 3 வயது முடிந்திருக்க வேண்டும். அரசுப் பள்ளி ஒன்றாம் வகுப்புக்கு 5 வயது. ஆகவே "ஒண்ணாவது வரும்போது பார்த்துக்கலாம்" என்றிருந்தால் இந்த வழி ஈராண்டுக்கு முன்பே மூடியிருக்கும். வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, பிறப்புச் சான்று மூன்றையும் மார்ச்சுக்குள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பம் திறந்த பிறகு இ-சேவை மையத்தில் வரிசை நீளும்.

கிடைத்தால் ஏற்பதா? கட்டணம் இல்லை என்பது எட்டாம் வகுப்பு வரைதான். ஒன்பதாவதில் முழுக் கட்டணம் தொடங்கும். அப்போது அரசுப் பள்ளிக்கு மாறுவது என்று இன்றே மனத்தில் வைத்துக்கொண்டால் அதிர்ச்சி இல்லை. எட்டு வரை இந்த ஒதுக்கீட்டில் படித்து 9 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தாலும் 7.5% கிடைக்கும். தொல்லை வருவது புத்தகம், சீருடை, வேன் என்று தனியாகக் கேட்கும் பணத்தில். சேர்க்கும் அன்றே எதற்கெல்லாம் கட்ட வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். கட்டிய ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது கேளுங்கள்.

யாரும் எண்ணிப் பார்க்காத இரண்டு வழிகள்

ஒன்று, அரசு உதவிபெறும் தொடக்கப்பள்ளி. ஆசிரியருக்குச் சம்பளம் அரசு தருகிறது, பாடநூலும் சத்துணவும் உண்டு, பல ஊர்களில் நூறாண்டுப் பழமையும் உண்டு. காலை உணவும் 2024 ஜூலையில் ஊரகத்திலும் 2025 ஆகஸ்டில் நகரத்திலும் இந்தப் பள்ளிகளுக்கு வந்துவிட்டது. நல்ல நிர்வாகம் அமைந்தால் அரசுப் பள்ளியின் செலவில் தனியாரின் ஒழுங்கு கிடைக்கும். ஆசிரியர் பெரும்பாலும் அதே பள்ளியில்தான் ஓய்வு பெறுவார் என்பதால் மாறுதல் தொல்லையும் குறைவு. அதுவே ஆபத்தும்கூட: சரியில்லாத ஆசிரியரும் அங்கேயேதான் இருப்பார்.

இரண்டாவது, ஒன்றரை இரண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஒன்றிய நடுநிலைப்பள்ளி. எங்களைக் கேட்டால் ஈராசிரியர் பள்ளிக்கும் வேனுக்கும் இடையே மாட்டிக்கொண்டவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். 1 முதல் 8 வரை இருப்பதால் பிள்ளை எண்ணிக்கை கூடுதல், ஆசிரியரும் கூடுதல். 6 முதல் 8 வரை பாடம் பிரித்து நடத்தப் பட்டதாரி ஆசிரியர்கள். ஒருவர் பயிற்சிக்குப் போனாலும் வகுப்பு நிற்காது. ஐந்தாவது முடிந்ததும் வேறு பள்ளி தேட வேண்டாம். 2019 ஜனவரியில் 2,381 நடுநிலைப்பள்ளி வளாக அங்கன்வாடிகளில் எல்கேஜி, யுகேஜி தொடங்கினார்கள். உங்கள் பக்கத்துப் பள்ளி அதில் ஒன்றா என்று கேளுங்கள். குறை ஒன்றுதான்: போக்குவரத்து. நான்கு வீட்டுக்காரர் சேர்ந்து ஒரு ஷேர் ஆட்டோ பேசினால் தனியார் வேன் கட்டணத்தைவிடக் குறைவாக முடியலாம்.

சாப்பாடும் கழிப்பறையும்

சத்துணவு, காலை உணவு பற்றிய குறைகளைக் கேட்டு மலைக்க வேண்டாம்; ஒரு நாள் போய் ஒரு வாய் சாப்பிட்டுப் பாருங்கள். காலையில் உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று நாளுக்கொன்று, மதியம் முட்டை. விடியலில் வேலைக்குக் கிளம்பும் வீட்டுக்கு இதன் மதிப்பு கட்டணக் கணக்கில் வராது.

கழிப்பறையை மட்டும் விடாதீர்கள். பெண் பிள்ளையின் பெற்றோர் பள்ளியை மாற்றுவதற்கு வாத்தியாரைவிடப் பெரிய காரணம் இது. காலை பத்து மணிக்குப் போனால் எல்லாம் கழுவித்தான் இருக்கும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போங்கள். கதவுக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறதா, குழாயில் தண்ணீர் வருகிறதா, பூட்டிச் சாவி ஆசிரியர் அறையில் தொங்குகிறதா? கட்டடம் இருந்தும் பூட்டியிருந்தால் காரணம் பெரும்பாலும் மோட்டார் பழுது, அல்லது தூய்மைப் பணியாளருக்கான தொகை தாமதம். இரண்டும் ஊராட்சியில் பேசித் தீர்க்கக் கூடியவை. பேச வேண்டிய இடம் பள்ளி மேலாண்மைக் குழு. அதில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்பது சட்டம். குழு கடைசியாக எப்போது கூடியது, தீர்மானப் பதிவேட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாலே அந்த ஊர்ப் பெற்றோர் பள்ளியோடு எப்படி இருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும்.

எந்த வீட்டுக்கு எது

மாலையில் பிள்ளையோடு அரை மணி நேரம் உட்கார்ந்து வாசிக்கக் கேட்க ஒருவர் இருக்கும் வீட்டுக்கு, 1 முதல் 3 வரை நல்ல டீச்சர் உள்ள ஈராசிரியர் பள்ளி தாராளமாகப் போதும். நான்காவதில் நிலைமையை மறுபடி பார்த்து, தேவையென்றால் நடுநிலைப்பள்ளிக்கு மாற்றலாம். அப்படி உட்கார ஆளில்லாத வீட்டுக்கு ஆசிரியர் எண்ணிக்கைதான் முதல் அளவுகோல். நடுநிலைப்பள்ளி, இல்லையென்றால் நல்ல உதவிபெறும் பள்ளி. கடன் வாங்கித்தான் கட்ட முடியும் என்றால் தனியார் வேண்டாம். நடுவில் நிற்கும்போது பிள்ளைக்கு ஓராண்டுப் படிப்பும் கெட்டு மனமும் கெடும். பணம் தடையில்லை, வாசிப்புச் சோதனையிலும் அந்தப் பள்ளிப் பிள்ளைகள் தேறினார்கள் என்றால் தாராளமாகச் சேர்க்கலாம். ஓராசிரியர் மட்டுமே நிற்கும் பள்ளி என்றால், அந்த ஆசிரியர் எவ்வளவு நல்லவரானாலும், இரண்டாவது ஆள் வரும் வரை காத்திருக்கச் சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை.

இன்னும் ஒரு கணக்கு உண்டு. ஊர்ப் பள்ளியில் இப்போது 58 பிள்ளைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்பு வெளியேறிப் புதியவர்கள் சேர்ந்த பிறகும் அதே 58. இரண்டு ஆசிரியர் போதும் என்பது விதி. ஆகஸ்ட் 1க்குள் இன்னும் மூன்று பெயர் பதிவேட்டில் ஏறினால் 61. மூன்றாவது பணியிடம் கேட்கும் தகுதி பள்ளிக்கு வந்துவிடும். அந்தத் தெருவிலேயே வேனுக்காகக் காத்து நிற்கும் பிள்ளைகள் ஆறு பேர் இருப்பார்கள். அண்மை ஆண்டுகளில் அரசுப் பள்ளிச் சேர்க்கை மார்ச்சிலேயே தொடங்கிவிடுகிறது. அந்த ஆறு வீட்டாரும் தனித்தனியே முடிவெடுக்கும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து உட்கார்ந்து பேசிவிடுவது நல்லது.